ஐரோப்பாவுக்குப் போகும் காப்பி: தோட்டம்வரை தடம் காட்ட எந்த ஏற்பாடு பொருந்தும்?

ஏற்காட்டிலோ தாண்டிக்குடியிலோ பறித்த காப்பி ஜெர்மனியில் உள்ள ஒரு வறுவல் ஆலையைச் சேர்வதற்குள் நான்கைந்து கை மாறிவிடுகிறது. விவசாயியின் களம், ஊர் வியாபாரியின் கிட்டங்கி, கொட்டையின் மேலோட்டை உரித்துத் தரம் பிரிக்கும் கியூரிங் ஆலை, ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர் என்று அது போகும். இந்த வரிசையில் இரண்டு தோட்டத்துக் கொட்டை முதன்முதலாக ஒரே குவியலாவது எந்த இடத்தில் என்று முதலில் பார்க்க வேண்டும். காடழிப்பு இல்லாத சரக்குக்கான ஐரோப்பிய ஒன்றிய விதிக்கு எப்படித் தயாராவது என்ற முடிவு அந்த இடத்தைப் பொறுத்ததுதான். ஆனால் பல நிறுவனங்கள் மென்பொருள் வாங்குவதில் தொடங்குகின்றன. வரைபடம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், மூட்டை எந்தத் தோட்டத்துடையது என்று சொல்ல ஆளில்லை என்றால் அந்த வரைபடத்தால் பயனில்லை.

விதி கேட்பது என்ன

2023/1115 என்ற எண்ணுள்ள இந்த விதி மாடு, கோகோ, காப்பி, எண்ணெய்ப்பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழு பொருள்களையும் அவற்றிலிருந்து செய்யப்படும் பட்டியலிட்ட சரக்குகளையும் கட்டுப்படுத்துகிறது. காப்பியில் 0901 என்ற சுங்கக் குறியீட்டில் வரும் பச்சைக்கொட்டை, வறுத்த கொட்டை, உமி, தோல் எல்லாம் அடக்கம். 2101-இல் வரும் கரையும் காப்பி 2023-இல் வெளியான பட்டியலில் இல்லை. பட்டியல் திருத்தத்துக்கு உட்பட்டது. கரையும் காப்பி விற்பவர்கள் ஒவ்வோர் ஒப்பந்தத்துக்கு முன்பும் அன்றைய பட்டியலைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நிபந்தனைகள் மூன்று. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்ததாக இருக்கக் கூடாது. விளைந்த நாட்டின் சட்டப்படி விளைந்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் உறுதிசெய்யும் அறிக்கையை ஐரோப்பாவில் சரக்கை முதலில் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனம் இணையவழியில் பதிவு செய்ய வேண்டும். சட்டப் பொறுப்பு அந்த இறக்குமதியாளருடையது. நம் பக்கத்து ஏற்றுமதியாளர் தர வேண்டியது தகவல். தகவல் தவறானால் அபராதம் அங்கே விழும். அதன் உச்ச அளவு, அந்நிறுவனத்தின் ஒன்றிய அளவிலான ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதத்துக்குக் குறையாதபடி உறுப்பு நாடுகள் சட்டம் செய்ய வேண்டும். அதனால்தான் இறக்குமதியாளர்கள் விதி கேட்பதைவிடக் கூடுதலாகவே கேட்கிறார்கள்.

தேதி இரண்டு முறை தள்ளிப்போயிருக்கிறது. 2025 டிசம்பர் திருத்தத்தின்படி பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 முதலும், சிறு, குறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30 முதலும் விதி நடைமுறைக்கு வருகிறது. 2025 மே மாதம் வெளியான நாடுகளின் தரவரிசையில் இந்தியா குறைந்த இடர் வகையில் இருக்கிறது. இதைக் கேட்டதும் ‘நமக்கு ஒன்றுமில்லை’ என்று முடிவு செய்துவிடுகிறவர்கள் உண்டு. அது தவறான புரிதல். குறைந்த இடர் என்பதால் இறக்குமதியாளர் இடர் மதிப்பீட்டையும் அதைக் குறைக்கும் வேலையையும் தவிர்க்கலாம். தோட்டத்தின் இட அமைவு, விளைந்த காலம், அளவு, விற்றவர் விவரம் ஆகியவற்றைத் திரட்டியே ஆக வேண்டும். சலுகைக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது: வேறு நாட்டுச் சரக்கு கலக்கவில்லை என்று தெரிய வேண்டும். இறக்குமதிக் கொட்டையையும் உள்ளூர்க் கொட்டையையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கும் ஆலைகள் இதை இப்போதே பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு

இருபதடிக் கன்டெய்னரில் 60 கிலோ மூட்டை 320 ஏற்றினால் 19.2 டன். அரபிக்காவுக்கு ஹெக்டேருக்கு 450 கிலோ என்று வைத்தால் இதற்குச் சுமார் 43 ஹெக்டேர் வேண்டும். விவசாயிக்குச் சராசரி இரண்டு ஏக்கர், அதாவது 0.8 ஹெக்டேர் என்றால் 53 தோட்டங்கள். இதோடு நின்றால் சமாளித்துவிடலாம். ஆனால் கியூரிங் ஆலை கொட்டையைத் தரம் பிரிக்கிறது. மொத்தத்தில் ஏ தரம் பாதி என்று கொண்டால், ஏ தரம் மட்டும் உள்ள ஒரு கன்டெய்னருக்கு 107 தோட்டங்கள் பின்னால் நிற்கும். பீபெர்ரி, அதாவது பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை, பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், பீபெர்ரி கன்டெய்னருக்கு 530-க்கு மேல்.

அத்தனை தோட்டத்தின் அமைவிடத்தையும் அறிக்கையில் காட்ட வேண்டும். அவற்றில் ஒன்று தகுதியிழந்து, அந்தக் கொட்டையைத் தனியே பிரித்தெடுக்கவும் முடியாது என்றால் முழுக் கன்டெய்னரும் போயிற்று. இத்தனை டன் நல்ல சரக்கு உள்ளே வந்தது, அதே அளவு நல்ல சரக்கு என்று வெளியே போகிறது என்ற அளவுச் சமன் கணக்கை இந்த விதி ஏற்பதில்லை. ஆகவே எந்த ஏற்பாட்டை எடைபோடும்போதும் முதல் கேள்வி, அது ஒரு கன்டெய்னருக்குப் பின்னால் நிற்கும் தோட்டங்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறதா என்பதுதான். சிறு விவசாயிகளிடம் வாங்குகிறவர்கள் தரவாரியாகக் கன்டெய்னர் நிரப்புவதைவிட, ஒரு பகுதியின் எல்லாத் தரத்தையும் ஒரே வாங்குபவருக்குக் கலந்து அனுப்பும்படி பேச முடிந்தால் பாதிச் சுமை இறங்கிவிடும். விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் இதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

எஸ்டேட்டில் நேரடியாக வாங்குவது

எல்லாவற்றிலும் எளிய ஏற்பாடு இதுதான். நாற்பது ஹெக்டேருக்கு மேல் உள்ள எஸ்டேட் ஒன்றே கன்டெய்னரை நிரப்பிவிடும். பழத்தோல் உரிக்கும் பல்ப்பர், களம், கிட்டங்கி எல்லாம் தனக்கே இருப்பதால் கலப்பு நடக்கும் இடமே இல்லை. ஒரே எல்லைக்கோடு, ஒரே உரிமையாளர், பெரும்பாலும் ஒழுங்கான கணக்கு. மென்பொருளுக்குப் பணம் செலவழிக்கத் தேவையே வராது.

சிக்கல் எல்லைக்கோட்டுக்குள்தான். எஸ்டேட் வரைபடத்தை அப்படியே தந்தால் அதற்குள் சோலை, ஓடை, புல்வெளி, லைன் வீடுகள் எல்லாம் வந்துவிடும். உள்ளே இருக்கும் சோலையில் 2020-க்குப் பிறகு ஒரு மூலையைத் திருத்திக் காப்பி வைத்திருந்தால், அதையும் சேர்த்து வரைந்த முழு நிலமும் கேள்விக்குள்ளாகும். ஆகவே காப்பி நிற்கும் வயல்களை மட்டும் தனித்தனியாக வரைந்து வாங்க வேண்டும். நிழல் மரம் வெட்டியிருந்தால் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், 1955-இன்கீழ் பெற்ற அனுமதியின் நகலையும் கேளுங்கள். சட்டப்படி விளைந்தது என்ற இரண்டாவது நிபந்தனைக்கு அதுவும் ஒரு சான்று.

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. அது பணத்தில் மட்டும் இல்லை. இந்தியாவில் காப்பித் தோட்டங்களில் 99 சதவீதம் பத்து ஹெக்டேருக்கு உட்பட்டவை. எல்லா ஏற்றுமதியாளரும் எஸ்டேட் பக்கம் ஓடினால் கொல்லிமலையிலும் ஜவ்வாது மலையிலும் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரின் காப்பி குறைந்த விலைச் சந்தைக்குத் தள்ளப்படும். காட்டை அழிக்காத அந்த விவசாயி, வரைபடம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக விலை இழப்பார். அதைத் தவிர்க்க முடியும் என்பதால்தான் மற்ற ஏற்பாடுகளை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காப்பி வாரியப் பதிவை நம்புவது

காப்பி வாரியம் ‘இந்தியா காப்பி’ செயலி வழியாக விவசாயிகளையும் தோட்டத்தின் அமைவிடத்தையும் பதிவு செய்கிறது. விவசாயிக்குச் செலவில்லை, அரசு அமைப்பின் பெயர் நிற்கிறது, ஒரே விவசாயியை ஐந்து ஏற்றுமதியாளர் ஐந்து முறை அளக்கும் வீண்வேலை குறைகிறது. எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தாலும் இந்தப் பதிவு அடித்தளமாக இருக்கட்டும்.

அதுவே போதுமா என்றால் போதாது. பதிவு சொல்வது நிலத்தைப் பற்றி. மூட்டையைப் பற்றி அதற்குத் தெரியாது. பட்டா தாத்தா பெயரில் இருக்கும், விற்பனைச் சீட்டு பேரன் பெயரில் இருக்கும், செயலியில் மகன் பெயர் இருக்கும். மூன்றையும் இணைக்கும் ஓர் எண் கொள்முதல் சீட்டில் இல்லாவிட்டால், இறக்குமதியாளர் கேட்கும்போது கையை விரிக்க வேண்டியதுதான். விவசாயியின் பதிவு எண்ணையே உங்கள் கொள்முதல் குறியீடாக வைத்துக்கொள்வது நல்லது. புதிதாக ஓர் எண் முறையை உருவாக்கினால் பிறகு பொருத்திப் பார்க்கவே ஒரு பருவம் போய்விடும்.

சான்றிதழ் வைத்திருப்பவர்கள்

ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ், ஃபேர்ட்ரேட், 4சி போன்ற சான்றிதழ் ஏற்கெனவே இருந்தால் விதி நிறைவேறிவிட்டது என்று நினைப்பது பரவலான தவறு. இடர் மதிப்பீட்டில் துணைத் தகவலாக மட்டுமே சான்றிதழ் பயன்படும். அதைக் காட்டி யாரும் பொறுப்பிலிருந்து விலக முடியாது. ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸின் காடழிப்பு எல்லைத் தேதி 2014 ஜனவரி 1; விதியைவிட அது கடுமையானது. இருந்தும் ஒவ்வொரு தோட்டத்தின் அமைவிடத்தைத் தனியே தந்தாக வேண்டும்.

சான்றிதழை விட மதிப்புள்ளது அதற்காக உருவான உள்கட்டுப்பாட்டு அமைப்புதான். உறுப்பினர் பதிவேடு, ஆண்டு ஆய்வுக் குறிப்பு, விளைச்சல் மதிப்பீடு, சரக்கைப் பிரித்து வைக்கும் பழக்கம், இவை எல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. இவற்றோடு அமைவிடத்தைச் சேர்த்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. சான்றிதழ் இல்லாதவர்கள் இந்த விதிக்காக மட்டும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஆண்டுத் தணிக்கைக் கட்டணம் தொடர்ந்து வரும். வாங்குபவர் கூடுதல் விலை தர எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும் யோசிக்கலாம்.

சொந்த ஆட்களைக் கொண்டு அளப்பதா, தளத்துக்குப் பணம் கட்டுவதா

சிறு விவசாயிகளிடம் வாங்கும் ஆலைக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கும் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

சொந்தமாக அளப்பதற்குத் தேவை மலையேறத் தயங்காத இரண்டு இளைஞர்கள், ஜிபிஎஸ் நன்றாக வேலை செய்யும் கைப்பேசி, இணையம் இல்லாமலும் இயங்கும் வரைபடச் செயலி. ஒரு ஹெக்டேர் தோட்டத்தைச் சுற்றிவரச் சுமார் 400 மீட்டர் நடக்க வேண்டும். சரிவு, வேலி, ஓடை, வீட்டுக்காரர் தரும் காப்பி எல்லாம் சேர்த்து, ஒரு குழுவுக்கு நாளைக்குப் பத்துத் தோட்டம் என்று திட்டமிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். ஐந்நூறு தோட்டத்துக்கு ஐம்பது வேலை நாள். மழைக்கு முன், ஜனவரி முதல் மே வரையிலான காலத்தில் முடித்துவிடலாம். அளந்ததைச் சரிபார்க்க இலவசக் கருவிகளே போதும்: எல்லைக்கோட்டைத் திருத்த கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், பல வரைபடங்களை ஒரே நேரத்தில் ஒப்பிட்டுக் காட்ட உலக உணவு வேளாண்மை அமைப்பின் விஸ்ப், பழைய படங்களைப் பார்க்க கோப்பர்நிகஸ் உலாவி.

தோட்ட வரைபடங்களைச் சேமித்துச் சோதித்துத் தரும் கட்டண இணையத் தளத்தின் பலம் வேகத்திலும் ஒழுங்கிலும் இருக்கிறது. பிழையான கோட்டை அங்கேயே பிடிக்கும், ஐரோப்பியப் பதிவு அமைப்புக்கு ஏற்ற கோப்பை நேரடியாகத் தரும், ஆயிரக்கணக்கான தோட்டங்களைத் தொடர்ந்து கண்காணிக்கும். ஆயிரம் தோட்டங்களுக்குக் கீழே இந்தச் செலவு நியாயப்படுவது கடினம் என்பது எங்கள் கணிப்பு. வாங்குவதானால் கையெழுத்துப் போடும் முன் நான்கைக் கேளுங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு எல்லைக்கோடுகளை முழுக்கோப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா? விவசாயியின் தகவல் யாருக்குச் சொந்தம்? காடு அழிந்ததாகச் சிவப்புப் புள்ளி காட்டும் செயற்கைக்கோள் எச்சரிக்கை தவறானால் அதை மறுக்க ஆள் இருக்கிறாரா, அல்லது சிவப்புப் புள்ளியோடு விட்டுவிடுவார்களா? கட்டணம் தோட்டக் கணக்கிலா, டன் கணக்கிலா? முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். உங்கள் விவசாயிகளின் வரைபடம் இன்னொருவர் கையில் சிக்கினால் அடுத்த ஆண்டு கட்டணத்தை அவர் சொல்வதே விலை.

அளப்பதில் வரும் பிழைகள்

நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட ஒவ்வொரு நிலத்துக்கும் எல்லைக்கோடு வேண்டும். அதற்குட்பட்டதற்கு ஒரு புள்ளி போதும். நான்கு ஹெக்டேர் என்பது கிட்டத்தட்ட 9.88 ஏக்கர். இந்த வரம்பு ஒவ்வொரு நிலத்துக்கும் தனித்தனியாகப் பார்க்கப்படுவது. விவசாயியின் மொத்தச் சொத்துக்கு இல்லை. மூன்று இடத்தில் மும்மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு மூன்று புள்ளிகள் தர வேண்டும். ஒன்றை மட்டும் தந்து மற்ற இரண்டையும் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

புள்ளி போதும் என்று சட்டம் சொன்னாலும், காப்புக்காட்டை ஒட்டிய சிறு தோட்டத்துக்கு எல்லைக்கோடே வரையச் சொல்வோம். காரணம், புள்ளியைச் சோதிக்கும் கருவிகள் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பார்க்கின்றன. நான்கு ஹெக்டேர் வட்டத்தின் ஆரம் 113 மீட்டர். ஓர் ஏக்கர் தோட்டத்துக்கு இந்த வட்டம் போட்டால் பக்கத்துக் காடு உள்ளே வந்துவிடும். அந்தக் காட்டில் காட்டுத்தீயோ மரச் சரிவோ நடந்தாலும் எச்சரிக்கை உங்கள் விவசாயி மேல் விழும். இருபது நிமிடம் நடந்து கோடு வரைந்தால் இது தீர்ந்தது. புள்ளியைத் தோட்டத்தில் நின்று எடுக்காமல் வீட்டு வாசலில் எடுத்துவிடுவதும் இதே வகைப் பிழைதான்.

அமைவிடம் தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கத்தோடு இருக்க வேண்டும். எக்செலில் வைத்தால் கடைசிச் சுழியங்களை அது விழுங்கிவிடும், 78.209000 என்பது 78.209 ஆகிவிடும். அந்தப் பத்தியை எழுத்து வடிவமாக மாற்றிவிட்டுப் பதியுங்கள். அமைவிடத்தைப் பதியும் ஜியோஜேசன் வகைக் கோப்பில் தீர்க்கரேகை முன்னால், அட்சரேகை பின்னால் வரும். நம் வழக்கம் இதற்கு நேர்மாறு. ஏற்காட்டின் 11.775, 78.209 என்ற எண்களை இடம் மாற்றிப் போட்டால் தோட்டம் ஆர்க்டிக் வட்டத்தில் ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போய்விடும். எல்லைக்கோட்டின் முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் ஒன்றாக இருக்க வேண்டும்; கோடு தன்னைத்தானே வெட்டக் கூடாது; பக்கத்துத் தோட்டத்தின்மேல் ஏறக் கூடாது. அடர்ந்த நிழலில் கைப்பேசி பத்து, இருபது மீட்டர் பிசகும் என்பதால் ஒவ்வொரு மூலையிலும் ஓரிரு நிமிடம் நின்று எடுப்பது நல்லது. வருவாய்த்துறையின் புலப்பட வரைபடத்தில் அமைவிட எண்கள் கிடையாது. பரப்பையும் வடிவத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அது உதவும். பட்டா ஒன்றரை ஏக்கர் என்கிறது, வரைந்தது மூன்று ஏக்கர் வருகிறது என்றால், அளந்தவர் வேலியைத் தாண்டிவிட்டாரா, விவசாயி புறம்போக்கைச் சேர்த்து உழுகிறாரா என்று நேரில் கேட்டே ஆக வேண்டும்.

நிழல் மரம் காடாகத் தெரியும்போது

தென்னிந்தியக் காப்பிக்கே உரிய தலைவலி இது. பிரேசிலின் வெயில் தோட்டங்களைப் போலில்லாமல் நம் காப்பி பலா, ஆலமர இனங்கள், சில்வர் ஓக், முருக்கு ஆகியவற்றின் அடியில் வளர்கிறது. மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு அது காடு. ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் வெளியிட்ட 2020 காட்டு வரைபடம் பத்து மீட்டர் துல்லியம் கொண்டது. அதிலும் நிழல் தோட்டங்கள் காடாக விழக்கூடும். பிறகு விவசாயி சில்வர் ஓக்கை விற்றாலோ, மழைக்கு முன் நிழல் கழித்தாலோ, பழைய செடியைப் பிடுங்கி மறுநடவு செய்தாலோ, காடு அழிந்தது என்று சிவப்புப் புள்ளி வந்துவிடுகிறது.

விதியின் சொல்லாட்சி இங்கே நமக்குத் துணை. காடு என்பது அரை ஹெக்டேருக்கு மேல், ஐந்து மீட்டருக்கு மேல் உயர்ந்த மரங்களும் 10 சதவீதத்துக்கு மேல் மரக்கவிகையும் உள்ள நிலம். ஆனால் பெரும்பாலும் விவசாயத்துக்குப் பயன்படும் நிலம் அதில் சேராது. மரத்தடியில் பயிர் வளர்க்கும் வேளாண்காட்டு முறையையும் விதி விவசாயப் பயன்பாடாகவே கருதுகிறது. அதனால் 2020-இல் அங்கே காப்பி நின்றது என்று நிறுவினால் போதும், எச்சரிக்கை செல்லாமல் போய்விடும்.

நிறுவுவதற்குச் செய்ய வேண்டியது இது. 2020 டிசம்பரின் செயற்கைக்கோள் படத்தைத் தேடி நேரம் போக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழையின் மேகம் ஏற்காட்டையும் கொல்லிமலையையும் மூடியிருக்கும். 2020, 2021 ஆண்டுகளின் ஜனவரி முதல் மார்ச் வரையிலான சென்டினல் செயற்கைக்கோள் படங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கமாக வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் பசலி 1430-க்கான அடங்கல் என்ற பயிர்க் கணக்கை வாங்குங்கள். அது 2020 ஜூலை முதல் 2021 ஜூன் வரையிலான கணக்கு, பயிர் பத்தியில் காப்பி என்று இருக்க வேண்டும். காப்பி வாரியப் பதிவு, பழைய விற்பனைச் சீட்டு எது இருந்தாலும் சேர்க்கலாம். மரக்கவிகைக்கு அடியிலிருந்து எடுத்த, அமைவிடம் பதிந்த மூன்று படங்கள், அவற்றில் ஒன்றிலாவது முதிர்ந்த செடியின் அடித்தண்டு தெரியும்படி. இவை எல்லாவற்றையும் ஒரே பக்கக் குறிப்பாகக் கட்டி இறக்குமதியாளர் கேட்பதற்கு முன்பே அனுப்பிவிட வேண்டும். எச்சரிக்கை வந்த பிறகு தேடத் தொடங்கினால் கப்பல் காத்திருக்காது.

நிலத்தின் சட்டநிலை

காடழிப்புச் சோதனையில் தேறிய நிலமும் இரண்டாவது நிபந்தனையில் தடுக்கலாம். கூடலூர், பந்தலூர் பகுதிதான் இதற்குச் சரியான உதாரணம். அங்கே 1969-ஆம் ஆண்டு கூடலூர் ஜன்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் நிலங்களின் உரிமை நீண்டகாலமாகத் தீராமல் இருக்கிறது. தலைமுறையாகக் காப்பி நிற்கிறது, கையில் பட்டா இல்லை. பட்டா இல்லை என்பதாலேயே நிலம் தகுதி இழந்துவிடாது. அங்கே சாகுபடி செய்ய நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்பதுதான் கேள்வி. பழங்குடி விவசாயிகளுக்கு 2006 வன உரிமைச் சட்டத்தின்கீழ் கிடைத்த உரிமை ஆவணம் வலுவான சான்று. வழக்கில் இருக்கும் நிலத்துக் காப்பியை ஐரோப்பிய வரிசையில் சேர்க்காமல், தனிக் கணக்கில் வாங்கி வேறு சந்தைக்கு அனுப்புவதே இப்போதைக்குப் பாதுகாப்பு. அதற்காக அந்த விவசாயியை முற்றாகக் கைவிட வேண்டியதில்லை.

கலப்பைத் தடுப்பது

ஏற்பாடு எதுவானாலும் கீழே சொல்லும் வேலை மாறாது. ஐரோப்பிய வரிசை மூட்டைக்குத் தனி நிறச் சணல் நூல், உள்ளே விவசாயியின் எண் எழுதிய அட்டை, வெளியே அதே எண். விவசாயி பழமாகவே விற்றால் பல்ப்பர் இருக்கும் இடம்தான் கலப்பிடம். அன்றன்று கொண்டுவந்தவர்களின் பட்டியலே அந்த நாள் லாட்டின், அதாவது சரக்குத் தொகுதியின், தோட்டப் பட்டியல் ஆகிவிடும். ஊர் வியாபாரி வழியாக வந்தால் அவர் கிட்டங்கியில் அட்டை பிரிக்கப்படாமல் இருக்க மூட்டைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை கொடுங்கள். அறிவுரை மட்டும் சொன்னால் நடக்காது. ஆலையில் உரிக்கும் இயந்திரம், தூக்கி, தரம் பிரிப்பான் எல்லாவற்றின் அடியிலும் முந்தைய லாட்டின் கொட்டை தங்கும். வரிசை மாறும்போது சுத்தம் செய்து, முதலில் விழும் இரண்டு மூட்டையை உள்நாட்டுக் கணக்கில் ஒதுக்கிவிட வேண்டும்.

அளவுக் கணக்கும் பொருந்த வேண்டும். 50 கிலோ அரபிக்கா பார்ச்மென்ட் (பழத்தோல் நீக்கி உள்ளோட்டோடு காயவைத்த கொட்டை) மூட்டை சுமார் 40 கிலோ சுத்தக் கொட்டை தரும். ரொபஸ்டா செர்ரி (பழமாகவே காயவைத்தது) மூட்டை 26, 27 கிலோ. இரண்டு ஏக்கர் அரபிக்காக்காரர் பெயரில் மூன்று டன் பார்ச்மென்ட் விழுந்திருந்தால், பக்கத்து வீட்டுக் காப்பியும் அவர் பெயரில் வந்திருக்கிறது என்று அர்த்தம். ஐரோப்பிய ஆய்வாளரும் இந்தக் கணக்கைத்தான் முதலில் போடுவார். குறைந்த இடர் நாடுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு சதவீத நிறுவனங்களைச் சோதிப்பது அவர்களின் கடமை.

ரப்பரில் இந்த வேலை ஒருவகையில் எளிது, ஒருவகையில் கடினம். ரப்பர் வாரியம் 2025 ஜனவரியில் ஐஎஸ்என்ஆர் என்ற, நிலைத்த முறையில் விளைந்த இந்திய ரப்பருக்கான சான்று முறையைத் தொடங்கியிருக்கிறது. கன்னியாகுமரி விவசாயிகள் அதைப் பயன்படுத்தலாம். தோட்டத்தை வெட்டி மறுநடவு செய்வது காடழிப்பில் சேராது. ஷீட் ரப்பரைத் தோட்டம்வாரியாகப் பிரிப்பது முடியும்; மரத்திலும் சிரட்டையிலும் உறைந்த ஒட்டுப்பால் பல கைகளைத் தாண்டி வருவதால் பிரிப்பது மிகக் கடினம். ஐரோப்பியச் சரக்கை ஷீட்டிலிருந்து தொடங்குவதே நல்லது.

யாருக்கு எது

பத்துக்குக் குறைவான எஸ்டேட்டுகளிடம் வாங்குபவருக்கு நேரடிக் கொள்முதலும் வயல்வாரி எல்லைக்கோடும் போதும். சான்றிதழ்க் குழு வைத்திருப்பவர்கள் தங்கள் பதிவேட்டில் அமைவிடத்தைச் சேர்த்து, வாரியப் பதிவோடு பொருத்தினால் முடிந்தது. இருநூறு முதல் ஆயிரம் சிறு விவசாயிகள் வரை உள்ள உழவர் நிறுவனத்துக்குச் சொந்த ஆட்கள், வாரியப் பதிவு, இலவசக் கருவி என்ற கூட்டே சிறந்தது. தகவல் விவசாயிகளின் சொந்த நிறுவனத்திடம் இருப்பது பேரத்திலும் வலு சேர்க்கும். ஆயிரத்தைத் தாண்டி, பல மாவட்டங்களில் வாங்கும் ஆலை கட்டணத் தளம் வாங்கலாம், ஆனால் கிராமவாரியாக முகவர்களைப் பிரித்து, ஒரு முகவர் ஒரு லாட் என்று கட்டிய பிறகு. வியாபாரிகளிடம் பெயரில்லாக் குவியலாக வாங்குபவர் இவை எதையும் இப்போது தொடங்க வேண்டாம். நடப்புப் பருவத்தில் அட்டை முறையை மட்டும் கொண்டுவந்து, எத்தனை மூட்டை எண்ணோடு வந்து சேர்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

ஒப்பந்தத்தில் மூன்று வரி தவறாமல் இருக்க வேண்டும். அமைவிடக் கோப்பைக் கப்பலேற்றத்துக்கு இரண்டு வாரம் முன் தருவோம், ஒரு வாரத்துக்குள் ஏற்பதாகவோ எந்தத் தோட்டத்தை விலக்குவதாகவோ எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது முதலாவது. ஏற்ற பிறகு செயற்கைக்கோள் எச்சரிக்கையின்பேரில் மட்டும் சரக்கை மறுத்தால் செலவு யாருடையது என்பது இரண்டாவது. விதியின் தேதி மீண்டும் மாறினால் கூடுதல் விலை தொடருமா என்பது மூன்றாவது. ஆவணங்கள் ஐந்தாண்டு இருக்க வேண்டும் என்பதால் கொள்முதல் சீட்டுகளை அன்றன்றே படமெடுத்துச் சேமியுங்கள்; மலையின் ஈரத்தில் காகிதம் தாங்காது.

தேதி கணக்கில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அறுவடையான தேதி இங்கே முதன்மை கிடையாது. ஐரோப்பியச் சந்தைக்குள் சரக்கு நுழையும் தேதிதான் கணக்கு, விளைந்தது 2023 ஜூன் 29-க்குப் பிறகு என்றால். 2025-26 பருவத்துக் காப்பி கிட்டங்கியில் தங்கி, 2027 ஜனவரியில் ஹாம்பர்க்கிலோ ட்ரியெஸ்டெயிலோ பெரிய நிறுவனம் ஒன்றின் கையில் இறங்கினால் அதற்கும் தோட்ட அமைவிடம் கேட்பார்கள். அட்டையில்லாத பழைய இருப்பை 2026 டிசம்பர் 30-க்கு முன் அந்தச் சந்தைக்குள் நுழையும்படி அனுப்பிவிடுங்கள், அல்லது உள்நாட்டில் விற்றுவிடுங்கள். 2026 நவம்பரில் தொடங்கும் அரபிக்கா பறிப்புக்கு முதல் மூட்டையிலிருந்தே அட்டை இருக்கட்டும்.